பத்து மணிக்கு வர வேண்டியவர்

கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே சின்னவள் பார்த்தாள். மணி பத்து ஏழு. கண்ணை எடுத்த அந்த ஒரு நொடியில் வரி தவறிவிடுமோ என்று பயந்து உடனே பக்கத்துக்குத் திரும்பினாள். இவ்வளவுக்கும் வாய் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. விடக் கூடாது.

மாடிக் கூடத்தின் நாற்காலி, மேசை எல்லாவற்றையும் முந்தாநாளே கீழே இறக்கிவிட்டார்கள். சுவரிலிருந்து சுவர்வரை வெள்ளைத் துணி விரித்திருந்தது. நடுவில் தாழ்வான ஒரு சிறு மஞ்சம், அதன்மேல் மெத்தை, பட்டுத் துணி, தலைக்கு மேலே விதானம். மஞ்சத்தில் திறந்து வைத்திருப்பதைப் புத்தகம் என்று அந்த வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். குரு என்பார்கள். சீக்கியர்களுக்கு மனிதர்களாகப் பத்துக் குருமார்கள் இருந்தார்கள். பத்தாமவர், இனி மனிதர் யாரும் வேண்டாம், இந்தக் கிரந்தமே உங்கள் குரு என்று சொல்லிவிட்டார். அதனால்தான் அதை அலமாரியில் அடுக்குவதில்லை. குருத்வாராவிலிருந்து ஒருவர் தலைமேல் சுமந்து, வெறுங்காலோடு நடந்து, இந்த வீட்டுப் படியேறிக் கொண்டுவந்து சேர்த்தார். கூடத்தில் யாரும் அதைவிட உயரமான இடத்தில் உட்காருவதில்லை.

நடப்பது அகண்ட பாராயணம். மொத்தம் ஆயிரத்து நானூற்று முப்பது பக்கம். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை இடையில் நிற்காமல் வாசிக்க வேண்டும். கிட்டத்தட்ட நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும். ஒரு தொண்டை தாங்காது என்பதால் ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். ஆள் மாறுவதிலும் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் குளித்து, கை கழுவி, தலையை மூடிக்கொண்டு, வாசிக்கிறவரின் பக்கத்தில் வந்து உட்காருவார். ஓடிக்கொண்டிருக்கும் வரியிலேயே தன் குரலைச் சேர்ப்பார். கொஞ்ச தூரம் இரண்டு குரலும் ஒன்றாகப் போகும். பிறகுதான் பழைய குரல் விலகலாம். மாற்ற ஆள் வராதவரை எழுந்திருக்க முடியாது. எழுந்தால் பாராயணம் முறிந்துவிடும்.

சின்னவளின் முறை எட்டிலிருந்து பத்துவரை. பத்திலிருந்து பன்னிரண்டுவரை அவளுடைய மூத்தார். கணவனின் அண்ணன், அந்த வீட்டின் பெரிய தலை, உதிரி பாகக் கடைக்காரர். கதவில் ஒட்டியிருந்த பட்டியலை எழுதியவரும் அவர்தான்.

பன்னிரண்டு மணிக்குள் சின்னவள் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். எக்ஸ்ரே பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் வேலை பார்த்த தனியார் பரிசோதனைக்கூடத்தை மூடிவிட்டார்கள். அதன்பின் ஒன்றரை வருஷம் விண்ணப்பம் போட்டுப் போட்டு வந்த ஒரே வேலை. சேர வேண்டிய கெடுவை ஏற்கெனவே இரண்டு தடவை கெஞ்சித் தள்ளிப்போட்டாயிற்று. மூன்றாவது கடிதம் வளைந்து கொடுக்கவில்லை. இன்று நண்பகலுக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரி அரை மணி நேரத் தூரம். பத்துக்கு எழுந்தால் பதற்றமே இல்லாமல் போகலாம்.

மூத்தாருக்கு அந்த வீட்டில் ரகசியப் பெயர் ஒன்று உண்டு: நிமிஷம். எதைக் கேட்டாலும் "ஒரு நிமிஷம்" என்பார். முடியாது என்று அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. சத்தம் போட மாட்டார், கோபப்பட மாட்டார். ஒரு நிமிஷம் யோசிப்போம், ஒரு நிமிஷம் பொறு, அம்மாகிட்ட ஒரு நிமிஷம் பேசிடுறேன். அந்த நிமிஷங்களிலேயே எத்தனையோ காரியங்கள் உயிரை விட்டிருக்கின்றன. சின்னவளின் முதல் இரண்டு கெடுவும் அப்படித்தான் போயின.

புதுக் கடை திறந்ததற்கு நன்றியாகப் பாராயணம் வைக்க வேண்டும் என்று சொன்னதும் அவர்தான், தேதியைச் சொன்னதும் அவர்தான். சீக்கியர்கள் நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பதில்லை. எல்லா நாளும் நல்ல நாள்தான். அப்படி இருக்க, வருஷத்தில் அத்தனை நாளையும் விட்டுவிட்டு இந்த மூன்று நாளை ஏன் பிடித்தார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சின்னவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. காலையில் அவரே வலிய வந்து, "பத்து மணிக்கு டாண்ணு நான் வந்து உக்காந்துடுறேன். நீ நிம்மதியாப் போய்ட்டு வாம்மா" என்றபோது, சே, வீணாக மனுஷரைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கம்கூடப் பட்டாள்.

இப்போது மணி பத்து பதினைந்து. அவருடைய குரல் கீழே வாசலில் கேட்டது. பந்தல்காரரோடு நாற்காலி எத்தனை என்று பேசிக்கொண்டிருந்தார். சிரித்தார். அவசரப்படுகிற மனிதரின் சிரிப்பாக அது இல்லை. 

கூடத்தில் அப்போது இருந்தவர் ஒரே ஒருவர், பக்கத்து வீட்டுத் தையல்காரர். நல்ல மனிதர், பக்தியானவர், வாசிக்கத் தெரியாதவர். சின்னவள் வரியை விடாமல் புருவத்தை உயர்த்தி, கதவுப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார். எழுந்து போனார். அப்பாடா என்று இருந்தது. இரண்டு நிமிஷத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு திரும்பி வந்து, அதை அவள் பக்கத்தில் பயபக்தியோடு வைத்துவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தாகம் தீர்த்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. சின்னவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் வழியில்லை, அடுத்த வரி வந்துவிட்டது.

பத்து இருபதுக்குப் படியில் காலடிச் சத்தம். நிமிஷம் வந்துவிட்டார். தலைப்பாகை கட்டிய அந்த உயர்ந்த உருவம் கதவில் தெரிந்ததும் அவள் குரலே கொஞ்சம் இளகியது. உட்கார இடம் விட்டு ஒதுங்கக்கூடச் செய்தாள். ஆனால் அவருக்குப் பின்னால் நாலு பேர் வந்தார்கள். கடைக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள், வேறு மதத்துக்காரர்கள். வாசலில் செருப்பைக் கழற்றியிருந்தார்கள். தலையை மூட ஆளுக்கு ஒரு துண்டுத் துணி கொடுத்திருந்தார். அவர்கள் அதைக் கட்டத் தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நிமிஷம் மஞ்சத்தின் முன் மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கினார். பிறகு விருந்தாளிகளைச் சுவரோரம் உட்கார வைத்து, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கினார். விளக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்களுக்குக் கடவுள் ஒன்றே, உருவம் இல்லை, சிலை இல்லை என்றார். உழைத்துச் சாப்பிட வேண்டும், பகிர்ந்து சாப்பிட வேண்டும், அவன் பெயரை மறக்கக் கூடாது, இந்த மூன்றுதான் அடிப்படை என்றார். முடியை வெட்டாதது ஏன், கையில் இரும்புக் காப்பு ஏன் என்று சொன்னார். கீழே சமையல் நடக்கிறது, யார் வந்தாலும் சாப்பாடு உண்டு, ராஜாவும் கூலிக்காரனும் ஒரே வரிசையில் தரையில்தான் உட்கார வேண்டும் என்றார். எல்லாம் உண்மை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் சின்னவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு, பெண்கள் வாசிக்கலாமா என்று கேட்டார்.

"தாராளமா. எங்க மதத்துல ஆம்பள பொம்பள வித்தியாசமே கிடையாது" என்றார் நிமிஷம். "அது எங்க வீட்டுச் சின்ன மருமகதான். என்ன அழகா வாசிக்குது பாருங்க."

நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று இன்னொருவர் கேட்டார்.

"நிறுத்தவே கூடாதுங்க. நிறுத்தினா அவ்வளவு பேரோட வேண்டுதலும் போச்சு. மறுபடி முதல்லேர்ந்துதான். நிறுத்தின பழி யாருக்கு வேணும் சொல்லுங்க?"

அவர் அதை விருந்தாளிகளிடம்தான் சொன்னார். கண் மட்டும் ஒரு கணம் சின்னவள் பக்கம் வந்துபோனது. பிறகு எழுந்து, அவர்களைச் சாப்பிட அழைத்துக்கொண்டு கதவருகே போனவர் திரும்பி, அவளைப் பார்த்து ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். ஒரு நிமிஷம். படியிறங்கிப் போய்விட்டார்.

வாய் வாசித்துக்கொண்டே இருந்தது. மனசு கத்தியது. எழுந்து போய்விடு, இந்த வீடும் ஆச்சு இவர்கள் பாராயணமும் ஆச்சு என்றது. ஆனால் அவள் கால் அசையவில்லை. ஊருக்குப் பயந்து மட்டும் இல்லை. நாளைக்கு வரப்போகிற அறுபது பேர் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த எழுத்துகளை அவள் ஆறு வயதில் படித்தவள். அம்மாவின் மடியில் உட்கார்ந்து, அம்மாவின் விரலுக்குப் பின்னால் தன் விரலை ஓட்டி, ஒவ்வொரு சொல்லாகக் கற்றவள். அவள் கஷ்டப்பட்ட நாளில் எல்லாம் பிடித்துக்கொண்டது இதைத்தான். அதையே எடுத்து அவளைக் கட்டிப்போட்டிருக்கிறார் அந்த மனிதர். வேறு எதைக் கொண்டு கட்டியிருந்தாலும் அறுத்துக்கொண்டு போயிருப்பாள். இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கணவனை நினைத்தாள். அவன் லாரி ஓட்டுகிறவன், தொலைதூரச் சரக்கோடு போயிருந்தான். நாளைக் காலை முடிவுக்குத்தான் வந்து சேருவான். அவன் இருந்திருந்தால் இந்நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவன் இல்லாத நாள் எது என்பதும் பட்டியல் எழுதியவருக்குத் தெரியாததா என்ன.

பத்து நாற்பதுக்கு மாமியார் வந்தார். முட்டியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி, வணங்கி, அவள் எதிரிலேயே உட்கார்ந்தார். சின்னவள் அவரை நேராகப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். மாமியாரும் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து, மடியில் இருந்த கையைத் தடவிக்கொண்டு, இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். மகன் சொல்லித்தான் வைத்திருக்கிறான். சின்னவள் வேலைக்குப் போய்விட்டால் தன்னைப் பார்த்துக்கொள்ள ஒரு கை குறையுமே என்று கிழவிக்குப் பயம். அது சின்னவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் வலி குறையவில்லை.

அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் அவளுக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்தது. வரக் கூடாத நேரத்தில் வந்தது.

நாலு வருஷத்துக்கு முன்பு. அவள் கல்யாணமாகி வந்து ஆறு மாதம். மாமியார் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். இதே கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். பெரியவள், அதாவது நிமிஷத்தின் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பதினோரு வருஷ வேலை. அவள் வேலையை விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் நிமிஷம் சின்னவளைப் பார்த்து, நீ என்னம்மா நினைக்கிறே என்று கேட்டார். புது மருமகள், நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்கிற ஆசை. "அக்கா வீட்ல இருந்தா எல்லாருக்கும் வசதியா இருக்கும்" என்றாள். அவ்வளவுதான். சின்னப் பெண்ணுக்கே புரிகிறது பார் என்றார் நிமிஷம். பெரியவள் மறுநாள் ராஜினாமாக் கடிதம் எழுதினாள். சின்னவள் வழக்கம்போல் தன் வேலைக்குப் போய்வந்தாள்.

அன்றிலிருந்து பெரியவள் அவளோடு பேசுவதில்லை. ஒரே சமையலறை, ஒரே துணிக்கொடி. உப்பு எங்கே என்று கேட்க வேண்டியிருந்தால்கூட மாமியாரைக் கேட்பாள். சின்னவள் மன்னிப்புக் கேட்கப் போன ஒவ்வொரு தடவையும் அவள் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விட்டாள்.

பத்து ஐம்பது. தொண்டை வறண்டு குரல் கரகரத்தது. பக்கத்தில் தையல்காரர் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. பதினொன்றேகாலுக்குள் வாசலைத் தாண்டாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கணக்குப் போட்டாள். கணக்குப் போட்டபடியே பக்கத்தைப் புரட்டினாள்.

அப்போது பெரியவள் மேலே வந்தாள். மாவு பிசைந்த கையோடு, மாமியாரை ஏதோ கேட்க வந்தவள். கதவிலேயே நின்றாள். உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கதவில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தாள், தன் கணவனின் கையெழுத்தை. பிறகு மாமியாரின் குனிந்த தலையை ரொம்ப நேரம் பார்த்தாள். கேட்க வந்ததைக் கேட்காமலே இறங்கிப் போனாள்.

சின்னவளுக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் போயிற்று. நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டாள். எனக்கு வேண்டும், நன்றாக வேண்டும்.

கீழே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு வாளி நிறையும் நேரம் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. மாவுக் கையை இவ்வளவு நேரமா கழுவுவார்கள் என்று ஏனோ தோன்றியது. பிறகு படியில் வெறுங்கால் சத்தம்.

பெரியவள் துவைத்த உடை உடுத்தியிருந்தாள். ஈரத்தலையைச் சீவி முடிந்து, முக்காட்டை நெற்றிவரை இழுத்து விட்டிருந்தாள். காப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. மஞ்சத்தின் முன் வணங்கினாள். சுற்றி வந்து சின்னவளின் இடதுபுறம், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள். மாமியார் தலையை நிமிர்த்தினார்.

பெரியவள் குனிந்து வரியைத் தேடினாள். சின்னவள் விரலை வரிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். அம்மா தனக்கு வைத்ததுபோல் வைத்தாள். பெரியவள் ஒரு மூச்சு இழுத்து, வரியின் நடுவில் வந்து சேர்ந்தாள்.

நாலு வருஷமாக ஒரு சொல் பேசாத இரண்டு பேர் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் சொன்னார்கள். அடுத்த சொல்லையும் சொன்னார்கள். பெரியவளுடைய குரல் கனமானது, வகுப்பறையின் கடைசி வரிசைக்கும் கேட்டுப் பழகிய குரல். அரைப் பக்கத்துக்குள் அது நிலைத்துவிட்டது. இனி சின்னவள் விலகலாம். விலகவில்லை. மன்னித்துக்கொள் அக்கா என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது, ஆனால் பக்கத்தில் இருக்கும் சொல்லைத் தவிர வேறு எதையும் சொல்லக் கூடாது. ஆகவே அந்தச் சொற்களையே அவளோடு சேர்ந்து சொல்லிக்கொண்டு போனாள். பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்திலும் தொடர்ந்தாள். பெரியவள் வாசிப்பதை நிறுத்தாமல், முழங்கையால் அவள் விலாவில் ஒரு இடி இடித்தாள். போடி என்று அர்த்தம்.

சின்னவள் நிறுத்தினாள். மூன்று மணி நேரத்துக்கு மேல் மடக்கிய கால் மரத்துப்போயிருந்தது. வணங்கி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கதவை அடைந்தாள். மணி பதினொன்று பத்து.

படியின் பாதியில் நிமிஷம் ஏறி வந்துகொண்டிருந்தார். விருந்தாளிகளை வழியனுப்பியாயிற்று போலிருக்கிறது. கை கழுவியிருந்தார். இப்போது வந்து உட்கார்ந்தால் அவரைக் குற்றம் சொல்ல யாராலும் முடியாது, ஆஸ்பத்திரிக்கும் நேரம் பத்தாது. அளவாகத்தான் வந்தார்.

"ஒரு நிமிஷம் தாமதமாயிடுச்சும்மா" என்றவர், மேலே குரல் ஓடிக்கொண்டிருப்பதைக் கேட்டுத் திகைத்தார். "யாரு வாசிக்கிறது?"

"அக்கா" என்றாள் சின்னவள். கரகரத்த அந்த ஒரு சொல்லோடு அவரைத் தாண்டி இறங்கினாள்.

வாசலில் செருப்பு மலையாகக் குவிந்திருந்தது. தன்னுடையதைத் தேட நேரமில்லை. கண்ணில் பட்டது பெரியவளுடைய பழைய பழுப்புச் செருப்பு, ஒரு அளவு பெரியது. அதை மாட்டிக்கொண்டு, வாசலில் காலையிலேயே எடுத்து வைத்திருந்த சான்றிதழ் உறையை நெஞ்சோடு அணைத்தபடி தெருவில் ஓடினாள். முனையில் ஒரு டாக்ஸி கிடைத்தது. ஓட்டுநர் அவளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றாள். தொண்டையிலிருந்து பாதிதான் வந்தது.

பதினொன்று நாற்பத்தாறுக்கு அலுவலக அறைக்குள் நுழைந்தாள். குமாஸ்தா சான்றிதழ்களைப் புரட்டினார், முத்திரை குத்தினார், பதிவேட்டைத் திருப்பி வைத்து ஒரு கட்டத்தைக் காட்டினார். கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார். இவ்வளவுக்குத்தானா அவ்வளவு பாடு என்று இருந்தது. வெளியே வந்து மரப்பலகையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது, கூடவே வேறொன்றும் வந்தது. அன்றைக்கும் இப்படித்தான், அவளை உட்கார வைத்துவிட்டு நான் வேலைக்குப் போனேன். இன்றைக்கும் அதே. எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

பஸ் ஊர்ந்து ஊர்ந்து தெருமுனையில் இறக்கிவிட்டபோது மணி இரண்டாகப் பத்து நிமிஷம். நாலு வீடு தள்ளியே ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது. கம்மி உடைந்து, ஆனாலும் கனமாக, வகுப்பறைக் குரல். இன்னுமா என்று சின்னவள் நின்றுவிட்டாள்.

மாடிப்படி முடியும் இடத்தில் நிமிஷம் நின்றிருந்தார். கழுவிய கை எதிலும் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் முன்னால் தூக்கிப் பிடித்திருந்தார். என்ன நடந்தது என்பதைத் தையல்காரர்தான் வாயெல்லாம் பல்லாக அவள் காதில் சொன்னார். பதினொன்றேகாலுக்கு நிமிஷம் போய்ப் பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து குரல் சேர்த்தாராம். அவள் நிறுத்தவில்லையாம். நிறுத்தாதவளை எப்படி எழுப்புவது, கையைப் பிடித்து இழுக்கவா முடியும்? இரண்டு பேரும் சேர்ந்தே பதினைந்து பக்கம் வாசித்தார்களாம். அவளுடைய வேகத்துக்கு ஓட முடியாமல், அவருக்கு மூச்சு வாங்கி வரி தவறியதாம். எழுந்து வெளியே வந்துவிட்டாராம். மறுபடி கழுவிக்கொண்டு போனாராம். அவள் அவரை நிமிர்ந்து பார்த்து, வாசித்தபடியே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாளாம். பன்னிரண்டு மணி முறைக்காரரும் வந்து பார்த்தார். அவருக்கும் வேண்டாம் என்று ஒரு தலையாட்டல். அவர் புத்திசாலி, சாப்பிடப் போய்விட்டார்.

"எவ்வளவு நேரம்தான் தாங்குவா? நீயாவது சொல்லேம்மா" என்றார் நிமிஷம். அவர் குரலில் கெஞ்சல் இருந்ததைச் சின்னவள் அன்றுதான் கேட்டாள்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவள் குளியலறைக்குப் போனாள்.

குளித்தாள். முழங்கைவரை கழுவினாள். தலையை மூடிக்கொண்டு வந்து, வணங்கி, பெரியவளின் இடதுபுறம் உட்கார்ந்தாள். பெரியவளின் உதடு வெடித்திருந்தது, கண் சிவந்திருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விரலை மட்டும் நகர்த்தி வரிக்குக் கீழே வைத்தாள். சின்னவள் சேர்ந்தாள். இரண்டு குரலும் கரகரத்துக் கிடந்ததில் எது யாருடையது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் போயிற்று. அதற்குமேலும் அரைப் பக்கம் போயிற்று. பிறகு பெரியவள் நிறுத்தினாள்.

எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சின்னவளின் தோளில் கையை ஊன்றிக்கொண்டு, அப்படியே குனிந்து காதருகே வந்தாள்.

"கையெழுத்துப் போட்டியா?"

நாலு வருஷத்தில் முதல் பேச்சு. சின்னவளுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது, அக்கா என்ற சொல் அதற்கும் முன்னால் இருந்தது. ஆனால் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் அசைத்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எழுத்துகள் கலங்கின. இந்தப் பக்கத்தை ஆறு வயதிலிருந்து தெரியும் என்பதால் வாய் தப்பித்தது.

"அன்னிக்கு நீ சொன்னதுக்கு நாலு வருஷமா உன்கிட்ட பேச வேண்டியது நிறைய இருக்கு" என்றாள் பெரியவள், உடைந்த குரலில். "இப்பப் பேசினா உன்னால திருப்பிப் பேச முடியாது. அது நல்லா இல்ல. நாலு மணிக்கு நான் வந்து உன்னை மாத்துறேன். அப்புறம் மாடிப்படியில உக்காந்து சண்ட போடலாம்."

தோளைப் பிடித்தபடியே எழுந்தாள். இரண்டு அடி நடந்து நின்றாள்.

"ஜன்னல்ல கேட்டுச்சு, தெருவுல ஓடினது என் செருப்புதானே? ஒழுங்கா வச்சியா? திங்கக்கிழமை எனக்கு வேணும். பழைய ஸ்கூலுக்குப் போய் வேலை கேக்கப் போறேன்."

கதவருகே நிமிஷம் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். பெரியவள் அவரைத் தாண்டி இறங்கிப் போனாள். மணி இரண்டு இருபது. சின்னவள் பக்கத்தைப் புரட்டினாள். நாலு மணிவரை அவள் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.